முன்வரிசையில் ஓர் இடம்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் ஜனங்கள் முதலில் பொத்தானைத் திட்டுவார்கள். பிறகு கட்டடக்காரனைத் திட்டுவார்கள். கடைசியில், அதைச் சரிசெய்ய வந்த ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர். லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் கட்டடங்களின் குழிக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கில் மண்டியிட்டு, தலைக்கு மேல் தொங்கும் பெட்டியை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்துபோன மனிதர். யார் என்ன சொன்னாலும் பதில் பேச மாட்டார். மறக்கவும் மாட்டார்.

"உங்க மனசு ஒரு பீரோ," என்பாள் மனைவி. "யார் எதைச் சொன்னாலும் மடிச்சு உள்ள வெச்சுப் பூட்டிடுறீங்க."

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய ஓட்டலில் கார் ஏற்றி இறக்கும் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டே கதவு, இரண்டே இருக்கை உள்ள தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உள்ளே வந்தது. நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த அந்தக் கூண்டுக்குள் அதன் எஞ்சின் உறுமியது அவருடைய நெஞ்செலும்புவரை அதிர்ந்தது. வண்டி போன பிறகும் கையில் எண்ணெய்க் கேனோடு அப்படியே நின்றார். அன்றைக்கு நினைத்ததை நாற்பத்தேழாவது வயதில்தான் வாங்க முடிந்தது. அதுவும் பழைய வண்டி, அதுவும் மூன்றாவது தலைமுறை.

இந்தத் தலைமுறைக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார் ஒரே பெயரில் மூன்று விதமாக வெளிவந்தது. முதலில் வந்ததற்கு உருண்டை விளக்குகள். எல்லாரும் கும்பிடுகிற வண்டி. இரண்டாவதற்கு, பகலில் மூடிக்கொண்டு இருட்டில் இமை திறக்கிற விளக்குகள். அதற்கும் மரியாதை உண்டு. மூன்றாவதை உருவாக்கியபோது கம்பெனி கைமாறியிருந்தது. வண்டி கொஞ்சம் நீண்டது, எஞ்சின் கெட்டிப்பட்டது, மழையில் ஒழுகுவது நின்றது. ஆனால் விளக்குகளைக் கோணலாக, கீழ்நோக்கி வைத்துவிட்டார்கள். பார்த்தால் தூக்கத்திலிருந்து எழுப்பிய முகம் மாதிரி இருக்கும். அது ஒன்று போதாதா!

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மனைவியின் அண்ணன் வந்துவிட்டார். அவரிடம் இரண்டாவது தலைமுறை இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், இடுப்பில் கைவைத்தார், சிரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, இவ்வளவு வருஷம் பொறுத்தீங்க, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா? இந்தத் தூங்குமூஞ்சிய போய்ப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க!"

"ஓடுது மச்சான், நல்லா ஓடுது."

"மாட்டு வண்டியும்தான் ஓடுது."

அன்றிலிருந்து வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் வண்டியிலிருந்து இறங்கி அவர் மேலும் ஒட்டிக்கொண்டது.

மச்சான்தான் அவரைக் கிளப்பில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், கடை திறப்பதற்கு முன்னால் கூடுவார்கள். முப்பது வண்டிகள் வரும். எங்கே எந்த வண்டி நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். முதல் தலைமுறை மரநிழலில். இரண்டாவது அதற்குப் பின்னால். மூன்றாவது தலைமுறை வைத்திருந்த நாலு பேரும் காலி பாட்டில் போடும் தொட்டிகளுக்குப் பக்கத்தில்.

கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். சிவப்பு நிற முதல் தலைமுறை அவருடையது. நல்ல உயரம், நல்ல குரல், நல்ல பல். அவர் பேசினால் கூட்டம் வட்டம் கட்டிவிடும்.

"பேரு ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணாயிடுமா?" என்பார் தொட்டிப் பக்கம் பார்த்து. "அது காரு இல்லைங்க. கார் வேஷம் போட்ட ஃப்ரிட்ஜ்."

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். லிஃப்ட்காரரும் சிரித்து வைப்பார்.

ஒருநாள் மனைவியையும் அழைத்துப் போயிருந்தார். அன்று பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வந்திருந்தது. டாக்டர் கையை உயர்த்தி, "அந்த நாலையும் கொஞ்சம் பின்னால தள்ளிடுங்கப்பா. ஃபோட்டோவுல விழுந்துடப் போகுது. அப்புறம் குடும்பத்துக்கே கெட்ட பேரு," என்றார். லிஃப்ட்காரர் ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். திரும்பிப் பார்த்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவர் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் அவளே சொன்னாள்: "நான் சிரிக்கலைன்னா எல்லாரும் உங்களைப் பாத்து ஐயோ பாவம்னு நெனைச்சிருப்பாங்க. அதுக்கு இது தேவலைன்னு தோணிச்சு."

பீரோவுக்குள் இன்னொரு மடிப்பு.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஒரு போக்கிடம் இருந்தது. ஊரில் அந்த வண்டிகளைத் தொடத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தார். லிஃப்ட்காரரைவிட ஆறேழு வயது சின்னவர். இடது கையில் ஒரு விரல் நுனி இல்லை. எஞ்சின் காற்றாடியின் பெல்ட் கொண்டுபோய்விட்டது. மூன்று தலைமுறை வண்டிகளும் அவரிடம்தான் வந்தாக வேண்டும்.

"இதுல எதுதான் நல்ல வண்டி, தம்பி?" என்று லிஃப்ட்காரர் ஒருமுறை கேட்டார்.

"என்கிட்ட வர்றப்போ எல்லாமே வாயைப் பொளந்துக்கிட்டுத்தாண்ணே வருது," என்றார் பட்டறைக்காரர், திறந்து கிடந்த பானட்டுகளைக் காட்டி. "ஆனா ஒண்ணு. உங்க வண்டியை மட்டும்தான் நான் அடிக்கடி பாக்குறதில்ல. அதுலேயே தெரிஞ்சுக்கோங்க."

அந்த வார்த்தை லிஃப்ட்காரரை ஒரு மாதம் தூக்கி நிறுத்தியது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போவார். அங்கே வண்டி தூக்கும் இயந்திரம் பாதியில் இறங்கி மக்கர் செய்துகொண்டிருந்தது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தார். இருவரும் கவிழ்த்துப் போட்ட டப்பாக்களில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பெரிதாகப் பேச்சு இருக்காது. அவரைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடாத இடம் வீட்டை விட்டால் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். லிஃப்ட்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். டாக்டரும் வந்திருந்தார், முந்தின நாளே வண்டியை அங்கே விட்டுப் போயிருந்ததால் எஞ்சின் ஆறிக் கிடந்தது. டாக்டர் சாவியைத் திருப்பினார். கடகடவென்று ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. பிறகு அடங்கி, எஞ்சின் சீராக ஓடியது.

லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிற காது அது. அந்த மூன்று நொடிக் கடகடப்பைத் தினமும் காலையில் கேட்பவர் அவர். எண்ணெய் மேலே ஏறும்வரை அப்படித்தான் சத்தம் போடும் மூன்றாவது தலைமுறை எஞ்சின். மற்ற இரண்டும் போடாது.

சனிக்கிழமை பட்டறைக்குப் போய், சுற்றி வளைக்காமல் கேட்டார். பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு வருஷம் ஆச்சுண்ணே. மலைப்பாதையில தண்ணி வத்தினது தெரியாம ஓட்டி, எஞ்சினை வெடிக்க விட்டுட்டாரு. அதே எஞ்சின் வேற எங்கயும் கிடைக்கல. இது ஒண்ணுதான் பொருந்தும். அவரே சொல்லித்தான் மாத்தினேன். பாக்குறவங்களுக்குத் தெரியாம இருக்க மேல மூடி மட்டும் பழசு. இங்க உக்காந்து அழுவாத குறைண்ணே. வெளிய தெரிஞ்சா தலைகாட்ட முடியாதுன்னாரு. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னை ஃப்ரிட்ஜுன்னு சொல்ற வாய் அது, தம்பி."

"தெரியும்ணே. அவரு பேசுறப்போ எல்லாம் எனக்கே சிரிப்பா வரும். ஆனா நீங்களாக் கண்டுபிடிச்சதாலதான் சொன்னேன். இது உங்களோட போகட்டும்." நுனியில்லாத விரலோடு கையை நீட்டினார். லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பிடித்து, "போகட்டும்," என்றார்.

எட்டு மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். சொல்லப்போனால் அந்த எட்டு மாதமும் அவர் சந்தோஷமாகவே இருந்தார். டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தெரிந்து வைத்திருப்பதே போதும் என்றுதான் நினைத்தார்.

பிறகு ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒரு விளையாட்டு மைதானத்தில், வெளியூர் வண்டிகளும் சேர்ந்து எண்பதுக்கு மேல் நின்றன. பட்டறைக்காரர் வழக்கம்போலக் கருவிப் பெட்டியோடு வந்திருந்தார். யார் வண்டியாவது படுத்துக்கொண்டால் பார்க்க வேண்டுமே. டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். கிளப் இனிமேல் முதல் இரண்டு தலைமுறைக்கு மட்டும் என்றும், மூன்றாவதை வைத்திருப்பவர்கள் விருந்தாளிகளாக வரலாம், பேட்ஜைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும் குழு முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க," என்று சிரித்தார். "வம்சம்னு ஒண்ணு இருக்கில்ல."

முதலில் கைதட்டியவர் மச்சான்.

லிஃப்ட்காரர் பேட்ஜைக் கழற்றவில்லை. தன் வண்டிக்குப் போய், வேலைப் பையிலிருந்து டார்ச்சையும் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியையும் எடுத்தார். லிஃப்ட் இடுக்குகளில் விட்டுப் பார்க்கிற கண்ணாடி. நேராகச் சிவப்பு வண்டியிடம் போனார். கண்காட்சிக்காக அதன் பானட் திறந்தே இருந்தது.

"என்ன, என் காருக்குச் சொத்தைப் பல்லா?" என்றார் டாக்டர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடியும் முன்பே லிஃப்ட்காரர் குனிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணாடியை நுழைத்து, டார்ச்சை அடித்து, அங்கே பொறித்திருந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். முதல் எழுத்தைக் கேட்டதுமே தெரிந்தவர்கள் முகம் மாறியது. மூன்றாவது தலைமுறைக்கு மட்டுமே வருகிற எழுத்து அது. டாக்டரின் கேலியைக் கேட்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் தானும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, ஃப்ரிட்ஜேதான்," என்றார்.

டாக்டர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் இரண்டு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த கணம் அவர் திரும்பிப் பட்டறைக்காரரைப் பார்த்தார்.

"அடப்பாவி! உன்னை நம்பித்தானேடா வண்டியை விட்டேன்! என் எஞ்சினை எங்கடா வித்தே?"

பட்டறைக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை. கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டார். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் பாய்ந்து வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"இவரு இல்லைன்னா எனக்கு இந்த மோசம் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது! இந்த மனுசனைப் போயா நாம பின்னால நிக்க வெச்சோம்? அந்த முடிவெல்லாம் ரத்துங்க. இனி இவரு வண்டி முன்வரிசையில, என் வண்டிக்குப் பக்கத்துல!"

கைதட்டல் எழும்பியது. மச்சான் ஓடிவந்து முதுகில் தட்டினார். "எங்க வீட்டு மாப்பிள்ளையாச்சே!" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். எண்பது வண்டிக்காரர்கள் அவருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை.

"உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?" என்று வெளியூர்க்காரர் கேட்டார்.

"எனக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர்.

பட்டறைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் வாசலை நோக்கி நடந்தார். யாரோ பின்னால் சீட்டியடித்தார்கள்.

டாக்டர் போலீசுக்குப் போகவில்லை. அதையும் அவருடைய பெருந்தன்மை என்று கிளப்பில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றது. ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துச் சாதாரண வண்டிகளும். எஞ்சினைத் திருடுகிறவன் என்ற பேச்சுக்கு முன்னால் எந்தப் பட்டறை நிற்கும்? நாலாவது மாதம் தகரக் கதவில் பூட்டுத் தொங்கியது.

லிஃப்ட்காரர் முன்வரிசையில் நின்றார். வண்டிகளின் எஞ்சின் எண்ணைச் சரிபார்க்கச் சோதனைக் குழு ஒன்றை அமைத்து, அவரை அதன் தலைவராக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச்சும் கண்ணாடியுமாக அவர் வருவதைப் பார்த்தால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்து நின்றார்கள். பொய் சொல்வானேன், அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு சின்ன அதட்டல்கூடக் குரலில் ஏறியிருந்தது. ஐந்தாவது மாதம் மச்சானின் வண்டியில் மாற்றிப் போட்ட எஞ்சினைக் கண்டுபிடித்தார். அது முன்பிருந்த உரிமையாளர் செய்த வேலை, மச்சானுக்கே தெரியாது. விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு எண்ணை உரக்கப் படித்தார்.

அதோடு மச்சான் வீட்டுப் போக்குவரத்து அறுந்தது. அண்ணியிடம் பேசப் போன மனைவி வாசலிலிருந்தே திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள்.

"போதுமா உங்களுக்கு? இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?"

அப்போதுதான் பட்டறைக்காரர் விஷயத்தை முழுவதும் அவளிடம் சொன்னார். கைபிடித்து வாக்குக் கொடுத்தது, மைதானத்தில் அவர் கேட்டது, இவர் சொன்ன பதில், எல்லாம். அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? நானா அவரு பட்டறைய மூடினேன்?"

விசாரித்ததில், பட்டறைக்காரர் ஒரு பஸ் டெப்போவில் டயர் கழற்றி மாட்டும் வேலையில் இருப்பதாகத் தெரிந்தது. லிஃப்ட்காரர் மதிய இடைவேளை பார்த்துப் போனார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டயர்களுக்கு நடுவில் பட்டறைக்காரர் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் திருப்பவில்லை. "வாங்கண்ணே," என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

"தம்பி, நான் அன்னைக்கு..."

"விடுங்க. வண்டி எப்படி ஓடுது?"

"நான் வாயைத் திறந்தேன், தம்பி. அதுக்குள்ள அந்த ஆளு..."

"பாத்தேன்." பட்டறைக்காரர் குழாயை மூடினார். "டாக்டர் பொய் சொல்லுவாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்ணே. ஆறு வருஷமா அதுக்குத் தயாராத்தான் இருந்தேன். நீங்க இப்படிச் செய்வீங்கன்னுதான் தெரியாமப் போச்சு."

"நான் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடுறேன். வர்ற ஞாயித்துக்கிழமையே."

"சொல்லுங்க," என்றார் அவர். அதில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. மணி அடித்தது. அவர் ஒரு பஸ்ஸின் அடியில் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் சொன்னார். ராத்திரியெல்லாம் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தார். வட்டமாக நின்றிருந்த இருபது பேர் நடுவில், டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். எஞ்சினை மாற்றச் சொன்னது டாக்டர்தான், பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, அது தனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் அன்று பேசாமல் இருந்தது தன்னுடைய கேடுகெட்ட புத்தி என்றார்.

யாரும் அதிரவில்லை. ஒருவர் தரையைப் பார்த்தார். ஒருவர் தன் வண்டியின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். டாக்டர் வெளிநாட்டிலிருந்து அசல் எஞ்சின் ஒன்றை வரவழைத்துப் பொருத்திப் போன வாரம்தான் சான்றிதழ் வாங்கியிருந்தார். அவர் நிதானமாக லிஃப்ட்காரரின் தோளில் கைவைத்தார்.

"இப்ப எதுக்குங்க அந்தப் பழைய கதை? என் வண்டி இப்போ சுத்தம். நீங்களும் முன்னால நிக்கிறீங்க. அந்த ஆளும் ஏதோ வேலையில இருக்கான்னு கேள்விப்பட்டேன். எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு?"

"ஆமாமா, விடுங்கப்பா," என்றது கூட்டம்.

பலருக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்பது அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தெரியாத மாதிரி இருந்தது எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. இவருக்கு இருந்த மாதிரியே.

வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க."

அவள் கையிலிருந்த சட்டையைப் பாதி மடிப்பில் நிறுத்தினாள். "குடிச்சீங்களா?"

அவர் அடுத்த சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். குடித்திருந்தார்.